அடுக்குத் தம்பியின் சான்றிதழ்

முள்ளிக்குறிச்சிக்காரர்கள் எதையும் முகர்ந்து பார்க்காமல் ஊருக்குள் விடமாட்டார்கள் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்த சங்கதி; பால்காரர் புதுச் சைக்கிளில் வந்தால் அன்றைக்குப் பாலை விரலில் தொட்டு உருட்டிப் பார்ப்பார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால் மாப்பிள்ளைக்கு ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்பார்கள், பருவத்துக்கு முந்தி மழை பெய்தால்கூட, இது நம்ம மழைதானா, பக்கத்து ஊருக்கு வந்தது தடம் மாறிப் பெய்கிறதா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டுத்தான் குடத்தை வெளியே எடுத்து வைப்பார்கள். அதனால்தானோ என்னவோ, கம்ப்யூட்டரில் ஓடுகிற செயலிகளைச் சந்தேகப்பட்டுச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதற்கு ஆள் தேடி அலைந்த பட்டணத்துக் கம்பெனி ஒன்று, கடைசியில் இந்த ஊருக்கு வந்து, மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸை வாடகைக்குப் பிடித்து, கந்தக வாடை போகாத சுவருக்கு வெள்ளையடித்து, மேசைக்கு ஒரு கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டருக்கு ஒரு பெண்ணுமாக உட்கார வைத்தது.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. செயலி என்பது வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி, கம்ப்யூட்டர்தான் வீடு என்று நினைத்துக்கொண்டால் போதும். வருகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று முத்திரை இருக்க வேண்டும். வந்தவன் தனக்கென்று கொடுத்த அறையில் இருக்க வேண்டும், அடுத்தவர் அறையில் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. வீட்டுச் சாவியைக் கேட்கக் கூடாது. வீடு பழசு என்று மூக்கைச் சுளித்துத் திரும்பிப் போகக் கூடாது. கூப்பிடாமல் முன்னால் வந்து நிற்கக் கூடாது. வீட்டில் சாவு, துஷ்டி என்று விழுந்தால் தானாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். போகச் சொன்னால் போய்விட வேண்டும், போனபின் அவன் வந்த சுவடே இருக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சோதனை செண்பகவடிவுடையது. பன்னிரண்டாவது வரை படித்து, மினி லாரி ஓட்டுகிற இசக்கிராஜுக்கு வாழ்க்கைப்பட்டு, நடை பழகுகிற மகளை மேசைக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்த வடிவு, நீக்கிய செயலி எங்கே ஒரு துணுக்கை ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. அவள் எச்சமில்லை என்று எழுதினால் எச்சமில்லைதான் என்று பட்டணத்தில் பேச்சு.

அப்படி ஒரு நாள் காலையில், அடுக்கு என்ற பெயரில் ஒரு செயலி சோதனைக்கு வந்தது. படங்களையும் கடிதங்களையும் தரம் பிரித்து அடுக்கி வைத்து, கேட்கிறபோது எடுத்துக் கொடுக்கிற செயலி. வடிவு வழக்கம்போல அதை உள்ளே இறக்கினாள்; திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முழுதாக நிரம்பியது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை, வாசலில்தான் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன், மீசை அப்போதுதான் அரும்பினவன், செருப்பைக் கழற்றி மற்றச் செருப்புகளுக்கு அருகில் ஒழுங்காக விட்டுவிட்டு, “அடுக்கு வந்திருக்கேன். நான் எங்க இருக்கணும்?” என்று கேட்டான்.

மேற்பார்வை பார்க்கிற ஞானதீபம் அக்கா அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். அவன் இடது மணிக்கட்டில் கம்பெனி முத்திரை பச்சை குத்தினதுபோல் இருந்தது. செருப்பைச் சரியான இடத்தில் விட்டிருக்கிறானா என்று எட்டிப் பார்த்து, விட்டிருக்கிறான் என்று தெரிந்ததும், முதல் கேள்விக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட்டு, இனி இவனை எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சோதிப்பது, வீடுகளில்தான் ஏற்ற வேண்டும் என்று சொன்னாள். அவள் சொன்னதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆளாக வந்தால் ஆளாகச் சோதிக்க வேண்டியதுதானே, இதில் மலைக்க என்ன இருக்கிறது என்று ஆபீஸைக் கூட்டிப் பெருக்கித் தேநீர் போடுகிற சீனியம்மா கேட்டாள். ஆனால் இவ்வளவு ஒழுங்காகச் செருப்பு விடுகிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள்.

அப்புறம் அடுக்குத் தம்பி ஊருக்குள் வீடு வீடாக இறங்கினான். ஓலை வீட்டிலும் இருந்தான், ஓட்டு வீட்டிலும் இருந்தான், கிரானைட் பதித்த மாடி வீட்டிலும் இருந்தான்; மேலத்தெருவில் என்ன செய்தானோ அதையே கீழத்தெருவிலும், கீழத்தெருவில் எந்த முகத்தோடு தண்ணீர் வாங்கிக் குடித்தானோ அதே முகத்தோடு காலனியிலும் வாங்கிக் குடித்தான். எல்லா வகை வீட்டுக்கும் பொருந்தி வர வேண்டும் என்பது விதி, அவன் பொருந்தினான். பொருந்தாமல் நெளிந்தது சில வீடுகள்தான், முதலில் எங்கள் தெருவுக்கு வராமல் அங்கே ஏன் போனான் என்று கேட்டவர்கள் உண்டு, அதற்கு வடிவு, “அது வீட்டோட கோளாறு மதினி, அவன் கணக்குல எழுத முடியாது” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அவன் கை பட்ட வீட்டில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குழம்புத்தூள் டப்பாவும் சாம்பார்த்தூள் டப்பாவும் ஒன்றை ஒன்று மறைக்காமல் நின்றன, ரேஷன் கார்டும் தடுப்பூசி அட்டையும் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வந்தன, கல்யாணமான புதிதில் தொலைத்த ஒற்றைக் கொலுசுகள்கூடத் தம் ஜோடியைச் சேர்ந்தன. கரண்ட் போனால் கையில் இருப்பதை அலுங்காமல் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொள்வான், கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடர்வான். கீழத்தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போன அன்று, யாரும் சொல்லாமலே எழுந்து போய்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் எழுந்தான். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டு ஆளுக்கொரு ரகசியம் சொன்னார்கள். இவள் சொன்னது அவளுக்குப் போகவில்லை, அவள் சொன்னது இவளுக்குப் போகவில்லை.

அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுசன் வந்தால் எங்கேயாவது ஒரு டம்ளரை உடைக்க வேண்டும், யாரையாவது பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், போகிறபோது கொல்லையில் இருந்து ஒரு முருங்கைக்காயாவது கேட்க வேண்டும். ஒன்றுமே செய்யாதவன் என்ன திட்டத்தோடு வந்திருக்கிறான்? அவன் போன பிறகு பெண்கள் பாத்திரத்தை எண்ணினார்கள், எண்ணிக்கை சரியாக இருந்தது, சரியாக இருந்ததால் இன்னொரு முறை எண்ணினார்கள். காற்றாலைக்கு நிலம் பார்க்க அனுப்பிய ஆள் என்றார் ஒருவர், கோயில் நகையை மோப்பம் பிடிக்க வந்தவன் என்றார் இன்னொருவர். பஸ் ஸ்டாப்பில் கடை வைத்திருக்கிற வைகுண்டம் அண்ணாச்சிதான் எல்லாவற்றுக்கும் மேலே போய், மணிக்கட்டு முத்திரையை எவன் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம், யார் மகன், எந்த ஊர் என்று கேட்டால் பதிப்பு எண் சொல்கிறானே, பதிப்பு எண் சொல்கிறவனுக்கு எவனாவது பெண் கொடுப்பானா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தேகப்படுவதே தொழில் என்பதால் வடிவும் அவனை நம்பவில்லை. ஒன்றும் கேட்காதவன் எல்லாவற்றையும் கேட்கத்தான் போகிறான் என்று அவளுக்கும் தோன்றியது.

மற்றச் சோதனைகள் எல்லாம் தேறி, வடிவின் முறை வந்தது. அவள் நீக்கு என்ற பொத்தானை அழுத்தினாள். அடுக்குத் தம்பி எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்து, சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போனான். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஆபீஸ் வாசலில் செருப்புகள் ஒழுங்காக இருந்தன, அவன் நின்றான்.

வடிவு தலையில் கையை வைத்துக்கொண்டாள். போன செயலி கூப்பிடாமல் திரும்பி வருவது இருக்கிறதே, அதுதான் எச்சத்திலேயே பெரிய எச்சம். எங்கேயோ ஒரு சொல்லை ஒளித்து வைத்துவிட்டுப் போயிருந்தால்தான் அப்படி வரும். அவள் தேடினாள். கம்ப்யூட்டரின் மூலை முடுக்கெல்லாம் தேடினாள், அவன் இருந்த வீடுகளின் பரண், அடுக்களை, கோழிக்கூடு எல்லாம் தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. தோற்றதாக எழுதி அனுப்பினாள், மறுபடி ஒரு முறை நீக்கிப் பார்க்கச் சொன்னார்கள். அதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது: போனவன் யாருக்காகத் திரும்பி வந்தான், வாசலில் வந்து நிற்கிறான் என்றால் ஆபீஸில் யார் மேலோ ஈர்ப்பு இருக்கிறது. அந்தப் பேச்சு இசக்கிராஜின் லாரியில் ஏறி வீட்டுக்கும் வந்தது. அன்றைக்கு அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்தப் பையனுக்கு உன் வயசுதான் இருக்கும் போல என்று சொன்னான். அவனுக்கு வயசே இல்லை, பதிப்புதான் இருக்கிறது என்றாள் வடிவு. சிரிப்பான் என்று எதிர்பார்த்தவள்போல ரசத்தை ஊற்றினாள், அவன் சிரிக்கவில்லை.

இரண்டாம் முறை நீக்கியபோது, அவன் என்ன தந்திரம் செய்கிறான் என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு பின்னாலேயே போனாள். அவன் எங்கும் நிற்கவில்லை, எதையும் ஒளிக்கவில்லை, யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. படியில் கால் வைத்து, விதிப்படி, “போறேன்” என்றான்.

கடைக்குள் இருந்து வைகுண்டம் அண்ணாச்சி பதறிக்கொண்டு வெளியே வந்தார். “ஏலே, போறேன்னு சொல்லுவாங்களா? வாய்ல நல்ல வார்த்தை வராதா ஒனக்கு? போயிட்டு வாரேன்னு சொல்லுலே.” ஸ்டாப்பில் நின்ற பெண்களும், ஆமா தம்பி, சாவு வீட்டில்தான் அப்படிப் போவார்கள், திருத்திச் சொல்லு என்றார்கள். அவன் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “போயிட்டு வாரேன்” என்றான். ஸ்டாப்பில் நின்றவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலாயிற்று. வடிவுக்கும்தான், அந்த முதல் வார்த்தை அவள் நெஞ்சிலும் முள்ளாகத் தைத்திருந்தது, திருத்திச் சொன்னதும் அவளையும் அறியாமல் “நல்லா போயிட்டு வா” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவன் வாசலில் நின்றான். ஏன் வந்தாய் என்று வடிவு கோபமாகக் கேட்டாள். இதுவரை யாரும் அதை அவனிடம் கேட்டிருக்கவில்லை, அவனைப் பற்றி மற்றவர்களிடம்தான் கேட்டிருந்தார்கள்.

“வாரேன்னு சொன்னேன்லக்கா” என்றான் அவன். “ரெண்டு தடவையும் ஸ்டாப்புல சொல்லச் சொன்னீங்க. சொன்னா செய்யணும்.”

வடிவு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஊரெல்லாம் தேடிய எச்சத்தை ஊரே பஸ் ஸ்டாப்பில் நின்று அவன் வாயில் ஊட்டி அனுப்பியிருக்கிறது, அதில் ஒரு கவளம் அவளுடையது. அவன் ஏன் வருகிறான் என்று யார் யார் தூக்கமில்லாமல் புரண்டார்களோ, அவர்கள்தான் அவனை வா வா என்று சொல்லி வழியனுப்பியிருக்கிறார்கள். அவள் இதையெல்லாம் பட்டணத்துக்கு விளக்கி எழுதினாள். பதில் சுருக்கமாக வந்தது, ஞானதீபம் அக்கா சத்தமாகப் படித்தாள்: ஊர்ப் பழக்கம் செயலிக்குச் சாக்கு ஆகாது; இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கவும்; அதிலும் எச்சம் இருந்தால் இதை முழுக்க அழித்துவிட்டு வேறு எழுதிக்கொள்வோம்.

“அழிக்கதுன்னா?” என்று கேட்டாள் சீனியம்மா.

“இருந்ததே இல்லேன்னு ஆக்கிருவாங்க” என்றாள் அக்கா. தேறிவிட்டால் அவன் ஊர் ஊராக, தேசம் தேசமாக எத்தனையோ வீடுகளில் இருப்பான், தோற்றால் எங்குமே இருக்கமாட்டான். இன்னொன்றும் சொன்னாள்: இவன் ஆளாக இறங்கின செயலி, ஆகவே சுத்தமாக நீங்கினான் என்றால் ஊருக்கும் அவன் ஞாபகம் இருக்கக் கூடாது, ஒருத்தர் மனசில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதுவும் எச்சம்தான், மறுநாள் வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அடுக்குத் தம்பி அப்போது ஒரு மூலையில் தேநீர் டம்ளர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் கூப்பிடாததால் திரும்பவில்லை.

அக்கா சொன்னதை எல்லாம் சீனியம்மா சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரப்பினாள்; வடிவும் அன்றைக்கே தெருத் தெருவாகப் போனாள். இனிமேல் அவன் போறேன் என்று சொன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, வா என்ற சொல்லே அவன் காதில் விழக் கூடாது, விழுந்தால் அவனைக் கொன்றதற்குச் சமானம் என்றாள். உடனே ஊர் அவளைச் சந்தேகப்பட்டது. வீட்டுக்கு வந்த பிள்ளையைக் கெட்ட வார்த்தை சொல்லி அனுப்பச் சொல்கிறாளே, இவளுக்கு அவன் மேல் என்ன வன்மம் என்றார்கள் கீழத்தெருவில். போன வாரம் அவனோடு பேசுகிறாள் என்றார்களே, இன்றைக்கு இப்படித் துரத்துகிறாளே, இடையில் என்ன நடந்தது என்றார்கள் மேலத்தெருவில். வைகுண்டம் அண்ணாச்சி மட்டும் வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, “எம் மகன் துபாய்க்குப் போகும்போது போறேன்னு சொல்லிட்டான் வடிவு” என்றார். “ஏர்போர்ட்டு வரைக்கும் போன் போட்டு மாத்திச் சொல்ல வச்சேன். எப்படிப் பொறுக்கப் போறேன்னு தெரியல.” பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி என்றாள் வடிவு.

மூன்றாம் முறை நீக்கிய சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஊரே நின்றது. ஒருவரை ஒருவர் நம்பாததால் ஒருவர் வாயை ஒருவர் காவல் காக்க வந்திருந்தார்கள். சீனியம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். அண்ணாச்சியின் மனைவி ஒரு முழு வாழைப்பழத்தை உரித்துக் கையில் தயாராக வைத்திருந்தாள். சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த இசக்கிராஜ் லாரியில் சாய்ந்துகொண்டு, பெண்டாட்டியையும் அந்தப் பையனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் வந்து நின்றது. அடுக்குத் தம்பி படியில் கால் வைத்தான்.

“போறேன்” என்றான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏறவில்லை. இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு அப்புறம் ஒரு திட்டு வரும், அதற்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லித் தருவார்கள், அதைச் சொல்லிவிட்டு ஏற வேண்டும் என்பதை அவன் கற்று வைத்திருந்தான். ஆகவே கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் சொல்லித் தரப் போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். மேலத்தெரு முகங்களைப் பார்த்தான், கீழத்தெரு முகங்களைப் பார்த்தான், காலனிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணாச்சியின் உதடு பிரிந்தது, வாழைப்பழம் உள்ளே போனது, அவர் அதை மெல்லாமலும் துப்பாமலும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றார். கடைசியாக அவன் வடிவைப் பார்த்தான். அவளுக்கு அந்தச் சொல் தொண்டைக்கு வந்து, நாக்குக்கு வந்து, பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. அவள் இடுப்பில் இருந்த மகளின் தோளில் முகத்தைப் புதைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஏறிப் போனான்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் செருப்புகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. வடிவு கம்ப்யூட்டரில் தேடினாள், ஒரு துணுக்கும் இல்லை. இனி மனுசர்களைக் கேட்க வேண்டும். ஆனால் அவளுக்குக் காலையில் கண் விழித்ததுமே தெரிந்துவிட்டது, அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அரும்பு மீசை, மணிக்கட்டு முத்திரை, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் எல்லாம். அவள் ஒருத்தி போதும், அவன் தோற்றுவிட்டான். ஒருவேளை தனக்கு மட்டும்தான் இப்படியோ என்று நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மேலத்தெரு முதல் வீட்டில், இங்கே அடுக்கு என்று யாராவது வந்து இருந்தார்களா என்று கேட்டாள். “அப்படி யாரும் வரலியே” என்றார்கள். அடுத்த வீட்டிலும் வரவில்லை. ஓட்டு வீட்டில் வரவில்லை, மாடி வீட்டில் வரவில்லை; கீழத்தெருவில், எங்களுக்கு எதுக்கு ஆள் வந்து அடுக்கணும், எங்களுக்கே கை இல்லியா என்றார்கள்; காலனியில் கேள்வியைக் கேட்கும்போதே தலையை ஆட்டினார்கள். சீனியம்மா, யாருளா அது, எந்த ஊரு, யாரு மகன் என்று திருப்பிக் கேட்டாள். அண்ணாச்சி தராசைப் பார்த்துக்கொண்டே, அப்படி ஒருத்தன் என் கடை முன்னாடி நின்னு பஸ் ஏறியிருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமா என்றார். வீட்டு வாசலில் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிராஜிடமும் கேட்டாள், விதி விதிதானே. அவன் துணியைப் பிழிந்துகொண்டு, “எவன்? நம்ம ஊருக்குப் புதுசா எவன் வந்தான்? சவாரிக்கு நேரமாச்சுன்னு நான் நிக்கேன், நீ கத கேக்க” என்றான்.

ஆபீஸுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் வடிவுக்குள் இருந்த சோதனைக்காரி விழித்துக்கொண்டாள். உண்மையிலேயே மறந்துபோனவர்களிடம் ஒன்றைக் கேட்டால் ஒரு கணம் மேலே பார்ப்பார்கள், புருவத்தைச் சுருக்குவார்கள், அடுக்கா, அடுக்கா என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் தெரியாது என்பார்கள். இந்த ஊரில் குடத்தை வெளியே வைக்கக்கூட யோசிக்கிற சனங்கள், மூன்று தெருவிலும் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அவள் படியேறி வந்து உட்கார்ந்தாள். ஞானதீபம் அக்கா எல்லா வீட்டுக் கட்டங்களிலும் இல்லை என்று நிரப்பிவிட்டு, கடைசிக் கட்டத்தில் கர்சரை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தவாறே கேட்டாள்.

“சோதிச்ச ஆளையும் கேக்கணும்ல. வடிவு, ஒனக்கு அந்தப் பையன...”

“யாரக்கா?” என்றாள் வடிவு, கேள்வி முடிவதற்குள்.